யார் காலுக்குப் பிளாஸ்திரி?

மின்னி புரூம்ஹெட் செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் சாவுக்குக் காரணம் யார் என்று துப்பறிய அந்த வீட்டுக்குள் நுழைந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு அது யார் என்று முன்பே தெரியும்.

தெரிந்தவள் பெக்கி ஸ்டானிஃபர்த். இருபத்திரண்டு வயது. ஷெஃபீல்டில் கத்திக்கும் கரண்டிக்கும் மெருகேற்றும் பட்டறை ஒன்றில் மணலும் எண்ணெயுமாக ஆறு வருஷம் வெந்தவள். ஆறு மாதமாகத்தான் மிசஸ் ஹாலமுக்கு உதவியாள். மிசஸ் ஹாலம் பத்து வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் பெண் கைதிகளைச் சோதனை போட்டுவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவள். ஒருத்தியின் பாக்கெட்டைக் கொட்டிப் பார்த்தால் அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்ன வேண்டிக்கொண்டாள் என்று சொல்லிவிடுவாள். மிசஸ் ஹாலமுக்குக் கண் வேலை, பெக்கிக்கு வாய் வேலை. பல குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கிற எந்த வளவுக்குள் போனாலும் பெக்கி ஒரு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைப்பாள்; சிரித்த வாய் மூடுவதற்குள் மிசஸ் ஹாலம் வேண்டியதைப் பிடுங்கிக்கொள்வாள்.

இன்றைக்கு அந்த வாய் வறண்டு கிடந்தது. மின்னி கரு கலைந்து செத்தாள் என்று மருத்துவச்சி மிசஸ் பாக்ஷாவைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. கருவைக் கலைக்கப் போய்ப் பெண் செத்தால் சட்டத்தின் கணக்கில் அது கொலை, கொலைக்குத் தூக்கு. காலை பதினோரு மணிக்கு அவளை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப் போகிறார்கள் என்று மிசஸ் ஹாலம் சொல்லியிருந்தாள். மருத்துவச்சியோ மின்னியை விரலால்கூடத் தொட்டதில்லை. கடையில் புண்ணுக்கு விற்கிற கறுப்புப் பிளாஸ்திரியை மின்னிக்குக் கொடுத்தது பெக்கி. மின்னி அதை உருட்டி உருட்டி விழுங்கினாள். தன் வயிற்றில் இருந்ததைக் கலைக்கப் பெக்கியும் விழுங்கினாள். அந்தப் பிளாஸ்திரி முழுக்க ஈயம்.

ஆகவே பதினோரு மணிக்குள் உண்மை வராவிட்டால் ஒரு அப்பாவிக்குக் கயிறு. வந்துவிட்டால் பெக்கிக்கு. இது போதாதென்று நேற்று முதல் அவள் வயிற்றை யாரோ உள்ளேயிருந்து துணி பிழிகிற மாதிரி பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"இது அவ ஏப்ரன் பையில இருந்துச்சும்மா," என்று மின்னியின் அம்மா ஒரு காகிதத் துண்டை நீட்டினாள். கசங்கிய பழுப்புக் காகிதம். நடுவில் கறுப்பாக ஒரு பிசுக்கு.

மிசஸ் ஹாலம் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "மணலு, எண்ணெய். மெருகுக்காரிங்க இடுப்புல சுத்திக்கற காகிதம். ஏன் பெக்கி, இந்த ஊர்ல மெருகுக்காரிங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"ஆயிரக்கணக்குல இருப்பாங்க மேடம். எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு மோந்து பாத்தீங்கன்னா, கடைசில உங்க மூக்குக்குத் தனியாப் பென்ஷன் குடுக்கணும்."

பழக்கத்தில் வந்த பேச்சு. மின்னிக்குப் பிளாஸ்திரியைச் சுற்றிக் கொடுக்க அந்தக் காகிதத்தைக் கிழித்தது பெக்கியின் கைதான். முன்பு உடுத்திய பழைய காகிதத்தின் ஓரம்.

"வீட்டுல யாருக்காவது புண்ணு, கட்டி, கொப்புளம்?" என்று மிசஸ் ஹாலம் கேட்டாள்.

"ஒருத்தருக்கும் இல்லையே."

"மின்னிக்கு முதல்ல என்ன பண்ணுச்சு? வரிசையா சொல்லுங்க. அவசரம் இல்ல."

அந்த அம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "முதல்ல வயித்து வலி. தின்ன ரொட்டி சேரலன்னு நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு டீக் கோப்பையத் தூக்கினா, மணிக்கட்டு தொங்கிப் போச்சு. 'அம்மா, கை தூங்குது'ன்னு சொன்னா. அப்புறம் கரு போச்சு. எனக்கு அப்பதான் விஷயமே தெரியும். அதுக்கப்புறம் வலிப்பு. கடைசி நாள் என்னைப் பாத்து 'யாரு நீங்க'ன்னு கேட்டா."

"வயித்து வலி வந்து எத்தனையாவது நாள் போனா?"

"ஒம்போதாவது நாள்."

மிசஸ் ஹாலம் எழுதிக்கொண்டாள். பெக்கி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், வலது மணிக்கட்டை மெல்ல மேலே மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கிய மாதிரி இருந்தது. ஒன்று, இரண்டு என்று நாட்களை எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் அந்த அம்மாள் பெக்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ அவகூட வேலை செஞ்ச பொண்ணுதானே கண்ணு? யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம். அவ மூஞ்சிய நான் ஒருதரம் பாக்கணும்."

பெக்கி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்.

வெளியே திங்கட்கிழமைத் துணிகள் கொடி கொடியாகத் தொங்கின. ஈரப் போர்வைகளுக்கு அடியில் குனிந்து புகுந்து நடந்த மிசஸ் ஹாலம், வளவின் மூலையில் சாம்பல் குழி அருகே நின்றுவிட்டாள். கைக்குடையின் நுனியால் சாம்பலைக் கிளறினாள்.

"இங்க விளையாடுற பிள்ளைங்க முழங்காலைப் பாரு பெக்கி. எல்லாம் சிராய்ப்பு. ஒண்ணுலயாவது பிளாஸ்திரி ஒட்டியிருக்கா?"

"இல்ல மேடம்."

"ஆனா குழில பாரு. நீலக் காகிதம் ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு. எல்லாத்துலயும் ஒக்ஸ்லி மருந்துக் கடை முத்திரை. கறுப்புப் பிளாஸ்திரி சுத்தி வர்ற காகிதம். புண்ணே இல்லாத வளவுல ஏழு பிளாஸ்திரி வந்திருக்கு. எங்க போச்சு?"

துணி பிழிந்துகொண்டிருந்த நாலு பெண்களும் சட்டென்று வாளிக்குள் பார்த்தார்கள். எங்கே போயிற்று என்று நால்வருக்கும் தெரியும். சில வருஷங்களுக்கு முன்பு குழாய்த் தண்ணீரில் ஈயம் இறங்கி ஊரில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வந்தது. அந்த வருஷம் பிள்ளை தங்காத வீடுகளில் எல்லோரும் அழுதார்கள் என்று சொல்லிவிட முடியாது. எட்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தவள் ஒருத்தி, ஈயம் வேறு எதில் இருக்கிறது என்று யோசித்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அதற்கப்புறம் விஷயம் வாளியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் பரவியது. எழுதி வைத்தது கிடையாது, கடைக்காரரைத் தவிர வேறு ஆண் காதில் விழுந்ததும் கிடையாது.

ஒக்ஸ்லி கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. மிசஸ் ஹாலம் உரக்கவே படித்தாள். "'மாதர் மாத்திரை. தடைப்பட்டதைத் தவறாமல் சீராக்கும். எச்சரிக்கை: கருவுற்றவர்கள் இதைத் தொடவே கூடாது, தொட்டால் நிச்சயம் கலையும்.' பாத்தியா, எவ்வளவு அக்கறை."

"அந்த 'நிச்சயம்' மட்டும் ஏன் மேடம் அவ்ளோ பெருசா அடிச்சிருக்கான்?"

"எச்சரிக்கைதான் விளம்பரம். வசதி உள்ளவளுக்கு இந்த மாத்திரை. இல்லாதவளுக்குப் பிளாஸ்திரி."

உள்ளே போகாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்குமா என்று பெக்கி தேடினாள். மூன்று வாரத்துக்கு முன்பு இதே கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்போது முகத்தில் கரி, தலையில் சிவப்புத் துணி, இடுப்பில் பழுப்புக் காகிதம். பழைய வேஷத்தை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்தாள். மெருகுக்காரிகளில் ஒருத்தியை இன்னொருத்தியிலிருந்து பெற்ற தாயே பிரித்துச் சொல்ல முடியாது. இன்றைக்கோ முகம் கழுவித் தொப்பி வைத்திருந்தாள். அது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நுழைந்தாள். கதவின் மணி அடித்தது.

ஒக்ஸ்லி ஒல்லியான மனிதர். பேசும்போது கல்லாவைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"கறுப்புப் பிளாஸ்திரி ஒண்ணு குடுங்க," என்றாள் மிசஸ் ஹாலம்.

"யார் காலுக்கு மேடம்?" துணி அதே இடத்தையே சுற்றிச் சுற்றித் துடைத்தது.

"எங்க அக்கா காலுக்கு."

நீலக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பியவள், ஏதோ ஞாபகம் வந்தவள் போல நின்றாள். "ஆமா, இதை எவ்வளவு சூடு பண்ணணும்?"

ஒக்ஸ்லி பெருமூச்சு விட்டார், தோள் இரண்டும் இறங்கின. முகத்தில் ஒரு வெளிச்சம். "மெழுகுவத்தி மேல லேசாக் காட்டினாப் போதும் மேடம். இளகினதும் துணில தடவி ஒட்டுங்க. காயட்டும், தானா உதிரும்."

"இப்ப எதுக்குப் பெருமூச்சு விட்டீங்க மிஸ்டர் ஒக்ஸ்லி?"

துடைக்கிற துணி நின்றது.

"நான் சொல்றேன்," என்று மிசஸ் ஹாலம் கல்லாவின் மேல் கையை ஊன்றினாள். "நிஜமாக் கால்ல புண்ணு இருக்கறவ, சூடு பண்ற விதத்தைக் கேப்பா. கட்டியா இருக்கற இது சூடு காட்டாம ஒட்டாது. வாயில போடப் போறவ கேக்க மாட்டா. யார் எதுக்கு வாங்கிட்டுப் போறான்னு உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும்."

"நான் வைத்தியன் இல்லீங்க. பிளாஸ்திரி விக்கறவன். கால்ல ஒட்டுறாளா, வாயில போடறாளான்னு கூடவே போயா பாக்க முடியும்?"

"மின்னி புரூம்ஹெட் செத்துட்டா. கொலைக் கேசு. இன்ஸ்பெக்டர் டிரிக்கெட் இங்க வந்தா இப்படிப் பொறுமையாப் பேச மாட்டார்."

ஒக்ஸ்லியின் முகம் சுண்ணாம்பாயிற்று. "அந்தப் பொண்ணு இங்க வந்ததே இல்ல. சத்தியமா. வேற ஒருத்தி வந்தா, மூணு வாரம் முன்னாடி. ரெண்டு பேருக்குச் சேத்து வாங்கறான்னு அப்பவே தோணுச்சு. அதுக்கு முன்ன யாரும் அவ்ளோ பெருசு கேட்டதில்ல. ஒரு முழுக் குச்சி."

"முழுக் குச்சி," என்று மிசஸ் ஹாலம் எழுதினாள். "ஆளு எப்படி?"

"மெருகுக்காரி. மூஞ்சி பூராக் கரி. பாத்தா அடையாளம் சொல்ல முடியாது."

சுவரோரம் நின்றிருந்த பெக்கிக்கு மூச்சு வந்தது. அரை மூச்சுதான் வந்தது.

"ஆனா ஒண்ணு மறக்கல," என்றார் ஒக்ஸ்லி. இந்தக் கலவரத்திலும் அவர் உதடு கோணிச் சிரிக்கப் பார்த்தது. "எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி 'யார் காலுக்கு'ன்னு கேட்டேன். மத்தவளுங்க அம்மா காலு, மாமியார் காலுன்னு தரையைப் பாத்துச் சொல்லுவாளுங்க. இவ என்னை நேராப் பாத்து, 'கல்யாணம்னு சொன்னதும் ஓடிப்போச்சுங்க ஒரு காலு, அதைப் புடிச்சு ஒட்டத்தான்'னா. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. ராத்திரி என் சம்சாரத்துகிட்டகூடச் சொன்னேன்."

மிசஸ் ஹாலம் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். பெக்கியின் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல வேடிக்கையான பொண்ணு," என்று மட்டும் சொன்னாள். "வா பெக்கி."

வெளியே வந்து சரிவில் இறங்கினார்கள். பட்டறைகளின் புகை தாழ்ந்து தெருவிலேயே கிடந்தது. எதிரே குடித்துவிட்டு வந்த சாணைக்காரன் ஒருவன் தொப்பியைக் கழற்றி விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் பெக்கி அதை வைத்தே கால் மணி நேரம் ஓட்டியிருப்பாள். இப்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எது சொன்னாலும் அது அந்தக் கடையில் சொன்ன வார்த்தையின் தங்கை போல இருக்குமே என்று பயமாகவும் இருந்தது. பேசினாலும் மாட்டிக்கொள்வாள், பேசாவிட்டாலும் மாட்டிக்கொள்வாள். ரயில் நிலையம் வலது பக்கம். ஓடிவிடலாம். லீட்ஸில் ஒரு சித்தி இருக்கிறாள்.

மணிக்கூண்டு பதினொன்று அடித்தது.

பெக்கி நின்றுவிட்டாள். இந்நேரம் மிசஸ் பாக்ஷாவைக் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். அறுபது வயதுக்காரி. பெக்கி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்த கை. அந்தக் கையில் விலங்கு.

"மேடம், நான்தான்."

மிசஸ் ஹாலம் இரண்டடி முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தான். மின்னி பாதிரியார் முன்னாடி முழங்கால் போடற மாதிரி என் முன்னாடி போட்டா. என்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். கூட்டிட்டுப் போங்க. இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிடறேன். அந்தக் கிழவிய விடச் சொல்லுங்க." தெரு நடுவே நின்று அழுதாள்.

"அந்தக் கிழவி பத்து மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு," என்றாள் மிசஸ் ஹாலம்.

பெக்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"சனிக்கிழமையே போலீஸ் டாக்டரை மின்னியோட உதட்டைத் தூக்கிப் பாக்கச் சொன்னேன். ஈறு ஓரமா நீலக் கோடு. ஈயம். யார் கையும் அவ மேல படலன்னு டாக்டர் எழுதிக் குடுத்தார். டிரிக்கெட்டுக்கு இஷ்டமே இல்ல, ஆனா விட்டாகணும். பதினோரு மணின்னு சொன்னது உன்னைப் பேச வைக்க நான் சொன்ன பொய்."

"அப்ப இது எல்லாம்... அந்த வீடு, ஒக்ஸ்லி கடை..."

"நேத்து எனக்கு டீ ஊத்தினே. பக்கத்து வீட்டுப் பூனையைப் பத்தி ஏதோ சொல்லி வாய் விட்டுச் சிரிச்சே. நாள் பூராச் சிரிக்கறவ ஈறை மறைக்க முடியுமாடி? உனக்கும் அதே கோடு. நேத்துலருந்து வயித்தையும் பிடிச்சுக்கறே." மிசஸ் ஹாலம் கிட்ட வந்தாள். "உன்கிட்ட எவ்வளவு தின்னேன்னு கேட்டிருந்தா, நீ ஒரு ஜோக்கு சொல்லிட்டுப் போயிருப்பே. ஒக்ஸ்லிகிட்ட நோயாளிக்காகன்னு கேட்டா வாயே திறக்க மாட்டான், கொலைன்னாத்தான் கக்குவான். செத்தவளுக்காக இல்ல பெக்கி, நான் உனக்காகத்தான் துப்பறிஞ்சேன்."

பெக்கி பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வேண்டாம் மேடம். அங்க மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி 'யார் குடுத்தா, பேரைச் சொல்லு'ம்பாங்க. கட்டில் பக்கத்துல கான்ஸ்டபிள் உக்காருவான். சாகற வரைக்கும் பேனாவோட காத்திருப்பான்."

"தெரியும். அங்க போகல. மேட்டுத் தெருவுல டைசன்னு ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. அவங்க யாருன்னு கேக்க மாட்டாங்க, எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம உன்னைக் கூட்டிட்டுப் போய்ப் பிரயோஜனம் இல்ல."

"இன்ஸ்பெக்டர்?"

"குடுத்தவளைக் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கார். தேடிட்டிருக்கேன்னு சொல்லியிருக்கேன். கண்ணை மூடற வரைக்கும் தேடுவேன்."

பெக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. மின்னியின் அம்மா ஞாபகத்துக்கு வந்ததும் மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தது.

மிசஸ் ஹாலம் நோட்டைப் பிரித்து நிதானமாகக் கணக்குப் போட்டாள். "முழுக் குச்சி ஒண்ணு. மின்னிக்குப் பாதி, உனக்குப் பாதி. மின்னி ஒல்லி, நீ திடம். அவ மொத்தத்தையும் தின்னுட்டா. உனக்கு வயித்து வலி இன்னிக்கு ரெண்டாவது நாளா? அப்ப நேரம் இருக்கு. பயப்படாதே, பாதிதானே."

"பாதி இல்ல மேடம்."

மிசஸ் ஹாலம் பென்சிலை நிறுத்தினாள்.

"அவ பாதிதான் கேட்டா." பெக்கி தரையைப் பார்த்தே சொன்னாள். "எனக்குப் பத்தாமப் போயிடுமோன்னு பயந்தேன். ஓரத்துல கால்வாசி உடைச்சு, இதான் பாதின்னு சொல்லிக் குடுத்தேன். மீதி முக்காலும் நான் தின்னேன். மின்னி போறதுக்கு முந்தின நாளு முடிச்சேன்."

பென்சில் கீழே விழுந்து சரிவில் உருண்டு போனது. இந்த ஆறு மாதத்தில் மிசஸ் ஹாலம் அவசரப்பட்டுப் பெக்கி பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு பட்டறை தீப்பிடித்தபோதுகூட நடந்துதான் வந்தாள். அந்த மிசஸ் ஹாலம் பாவாடையை இரண்டு கையாலும் வாரிப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் ஓடினாள். ஏறி வந்துகொண்டிருந்த கரி வண்டியின் குதிரையைக் கடிவாளத்தோடு பிடித்து நிறுத்தினாள். வண்டிக்காரன் திட்டத் திட்ட, பெக்கியை அள்ளிக் கரி மூட்டைகளின் மேல் போட்டு, தானும் ஏறினாள்.

"மேட்டுத் தெரு. ஓட்டு," என்றாள்.

வண்டி மேட்டில் திணறி ஏறியது. பெக்கி மூட்டைமேல் சாய்ந்து, தன் கையை இறுகப் பிடித்திருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். பாக்கெட்டைப் பார்த்தே பிரார்த்தனையைச் சொல்கிறவள். கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை.

"மேடம், கால்வாசி தின்னவ ஒம்போது நாள்ல செத்துட்டா. நான் பொழைப்பேனா?"

மிசஸ் ஹாலம் குதிரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடி," என்றாள்.